இரண்டு பலகைக்காரர்

சதுரங்கம் ஆடுபவர்களில் ஜெயிப்பவர், தோற்பவர் என்று இரண்டே வகைதான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்களா? அப்படியானால் நீங்கள் திருவண்ணாமலைக்குச் சாமி கும்பிட மட்டும் வந்து போயிருக்கிறீர்கள். மூன்றாவதாக ஒரு வகை உண்டு. இரண்டு பலகைக்காரர். ஒரே ஆளுடன், ஒரே நேரத்தில், இரண்டு பலகைகளில் ஆடுபவர். ஒன்றில் அவருக்கு வெள்ளைக் காய், மற்றதில் கறுப்பு. எதற்கு இப்படி என்று கேட்டால், "வெள்ளைக்கு மொத ஆட்டம்ங்கிறதால சாதகம் ஜாஸ்திங்க. ரெண்டும் ஒன்னா ஆடினாத்தான் நியாயம்" என்பார். நியாயத்துக்காக ஒரு மனிதர் இவ்வளவு கவலைப்படுகிறாரே என்று உங்களுக்குக் கண் கலங்கும். கலங்க வேண்டாம். ஒரு பலகையில் ஆடினால் தோற்றுவிட வாய்ப்புண்டு. இரண்டில் ஆடினால் ஒன்றையாவது கைப்பற்றிவிடலாம். விஷயம் அவ்வளவுதான்.

பலகை இல்லாத இடத்திலும் இவரை அடையாளம் காணலாம். சென்னைக்குப் போவதற்குப் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தாரென்றால், திண்டிவனம் வழியாகப் போகிற பஸ்ஸில் துண்டைப் போட்டு ஓர் இடம் பிடித்து, ஆரணி வழியாகப் போகிற பஸ்ஸின் ஜன்னலில் பையை நுழைத்து இன்னோர் இடம் பிடித்து, இரண்டுக்கும் நடுவில் நின்று நிதானமாக டீ குடிப்பார். இரண்டு டிரைவர்களும் ஒரே சமயத்தில் வண்டியை எடுக்கும்போது, துண்டின் பின்னால் ஓடுவதா, பையின் பின்னால் ஓடுவதா என்று யோசித்து, கடைசியில் டீக்கடைக்காரரிடம் அடுத்த வண்டி எப்போது என்று விசாரிப்பார். கிரிவலத்துக்கு வெறுங்காலோடு வருவார். செருப்பு தோள்பையில் இருக்கும். ஓட்டலில், "இட்லி குடுங்க. தோசைக் கல்லும் காயட்டும்" என்பார். கல்யாணத்துக்கு அழைத்தால், "கண்டிப்பா வரேன். வரலன்னா தப்பா நினைச்சிக்காதீங்க" என்பார். ஒரே மூச்சில்.

கெட்டவரா? சேச்சே. இவரைப் போல நல்ல மனிதர் கிடைக்கமாட்டார். யாருக்கும் இல்லை என்று சொல்ல மனம் வராது. ஆமாம் என்று சொல்லவும் வராது என்பதுதான் சங்கடம். அந்தச் சங்கடம் என்ன என்பதைக் கீர்த்தனாவைக் கேட்டால் தெரியும்.

கீர்த்தனா அடி அண்ணாமலைப் பெண். பஸ் ஸ்டாண்டை ஒட்டிய ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. காலையிலிருந்து ஊரார் ரத்தத்தை வாங்கி, உண்டு, இல்லை என்று அச்சடித்துக் கையில் கொடுப்பவள். "இப்போதைக்கு இருக்கிற மாதிரி இருக்கிறது, பிறகு பார்க்கலாம்" என்று அவள் யாருக்கும் அறிக்கை கொடுத்ததில்லை. கொடுத்தால் வேலை போய்விடும். அப்படிப்பட்டவளுக்கு வாய்த்தவன் மாறன்.

மாறன் பகலில் வீட்டு மாடியில் உட்கார்ந்து ஒரு பெங்களூர்க் கம்பெனிக்குக் கம்ப்யூட்டர் வேலை செய்வான். சாயங்காலம் அப்பாவின் உரக்கடையில் உட்காருவான். இரண்டில் எதுதான் உன் தொழில் என்றால், "இப்போதைக்கு ரெண்டும்" என்பான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் செங்கம் சாலையில் வேணு நடத்தும் மாடிக் கபேக்குக் கீர்த்தனாவுடன் சதுரங்கம் ஆட வருவான். ஜன்னல் ஓரம் ஒரு பலகை, சுவர் ஓரம் ஒரு பலகை. இரண்டுக்கும் தனித்தனிக் கடிகாரம். ஆளுக்குக் கால்மணி நேரம். நேரம் தீர்ந்தவர் தோற்றவர்.

மாறன் நல்ல ஆட்டக்காரன், அதில் சந்தேகம் வேண்டாம். ஆனால் ஒரு பலகையில் கை ஓங்கியதும் மற்றதைக் கைகழுவிவிடுவான். முடிவு, ஒன்றுக்கு ஒன்று. "பாத்தியா, சமம்" என்று காய்களைப் பெட்டியில் போடும்போது அவன் முகத்தில் தெரியும் நிம்மதி இருக்கிறதே, இரண்டிலும் ஜெயித்தவனுக்குக்கூட அப்படி ஒரு நிம்மதி வராது.

இவர்கள் விரும்புகிறார்கள் என்பது வேணுவுக்குத் தெரியும். கபேயின் பூனைக்குத் தெரியும். மாறனின் அம்மா ரேணுகாம்பாளுக்கு மட்டும் சொல்ல வேண்டும். அதைத்தான் மாறன் சொல்லப்போகிறான். எப்போது?

திருவண்ணாமலையில் ஒரு காரியத்தைத் தள்ளிப்போட விரும்புகிறவனுக்கு ஊரே துணைக்கு வரும். மாதம் தவறாமல் பௌர்ணமி உண்டு. அதற்கு முன்னால் கூட்டம், பின்னால் அசதி. சித்திரைப் பௌர்ணமி போகட்டும் என்றால் ஆடி வந்துவிடும்; ஆடியில் யார் நல்ல காரியம் பேசுவார்கள்? ஆடி போனால் தீபத்துக்கு எத்தனை நாள் என்று ஊர் கணக்குப் போட ஆரம்பித்துவிடும். கொடி ஏறிவிட்டால் கேட்கவே வேண்டாம். தீபம் முடிந்து மலை உச்சியில் புகை அடங்குவதற்குள் மார்கழி. மாறன் இந்தக் காலண்டரை மனப்பாடமாக வைத்திருந்தான். கோயில் குருக்கள் மறந்தாலும் அவன் மறக்கமாட்டான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கீர்த்தனா நாற்காலியில் உட்காரும்போதே சொன்னாள்: "வெள்ளிக்கிழமை போளூர்லேர்ந்து என்னைப் பொண்ணு பாக்க வர்றாங்க."

மாறன் கையில் இருந்த சிப்பாய் கீழே விழுந்தது. குனிந்து தேடினான். தேவைக்கு அதிகமாகவே தேடினான்.

"உங்க அம்மாகிட்ட இன்னிக்காவது சொல்லுவியா, மாட்டியா?"

"சொல்லணும்தான் கீர்த்தி. சொல்லக்கூடாதுன்னு இல்ல. அடுத்த வாரம் பௌர்ணமி. அம்மா கிரிவலப் பாதையில மோர்ப் பந்தல் போடறாங்க. அந்த டென்ஷன்ல போயி இதைச் சொன்னா..."

"சொன்னா? மோர் திரிஞ்சிடுமா?"

அடுப்படியிலிருந்து வேணு சிரிக்கும் சத்தம் கேட்டது.

"சரி. ஆடலாம்" என்றாள் கீர்த்தனா. "ரெண்டுலயும் நீ ஜெயிச்சா உன் இஷ்டம். பௌர்ணமி போகட்டும், தீபம் போகட்டும், நான் வாயத் தொறக்க மாட்டேன். ஒன்னுக்கு ஒன்னுன்னா, இங்கேர்ந்தே உங்க அம்மாவுக்குப் போன் பண்ற."

"ஒன்னுக்கு ஒன்னுன்னா சமம்தானே? சமம்னா பழைய நெலமைதானே?"

"இன்னிக்கு இல்ல."

"ரெண்டுலயும் நான் தோத்துட்டா?"

"அதுக்கும் போன்தான்."

மாறன் யோசித்தான். முடியாது என்று சொல்லலாம். ஆனால் முடியாது என்பதும் ஒரு முடிவாயிற்றே! ஒப்புக்கொண்டாலோ, ஆட்டம் முடியும்வரை தவணை கிடைக்கிறது. ஒப்புக்கொண்டான்.

ஜன்னல் பலகையில் அவனுக்கு வெள்ளை; சுவர்ப் பலகையில் அவளுக்கு வெள்ளை. வெள்ளைதானே முதலில் ஆடவேண்டும்? கீர்த்தனா ஆடவில்லை. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஏய், உன் கடியாரம் ஓடுது."

"ஓடட்டும்."

மாறன் ஜன்னல் பலகையில் ராஜாவுக்கு முன்னால் இருந்த சிப்பாயை நகர்த்தினான். கீர்த்தனா உடனே சுவர்ப் பலகையில் அதே சிப்பாயை அதே கட்டத்துக்கு நகர்த்தினாள். சுவர்ப் பலகையில் அவன் தன் கறுப்புக் காயால் பதில் ஆடினான். அந்தப் பதிலை அவள் எடுத்துப் போய் ஜன்னல் பலகையில் தன் கறுப்புக் காயால் ஆடினாள். அவன் குதிரையை எடுத்தால் இவளும் குதிரை. அங்கே அவன் மந்திரியை இறக்கினால் இங்கே இவளும் மந்திரி. புரிகிறதா? ஜன்னல் பக்க மாறனும் சுவர்ப் பக்க மாறனும் ஒருவரோடொருவர் ஆடிக்கொண்டிருந்தார்கள். கீர்த்தனா நடுவில் தபால்காரி.

இதை மாறன் உடனே கண்டுபிடித்திருக்க வேண்டாமா? மாட்டான். ஒரு பலகையை வெள்ளைப் பக்கத்திலிருந்தும் மற்றதைக் கறுப்புப் பக்கத்திலிருந்தும் பார்க்கிறவனுக்கு இரண்டும் வேறு வேறு உலகம். அதோடு அன்று அவனுக்கு ஆட்டம் மிகவும் பிடித்துப்போயிற்று.

"ஏம்பா, சூப்பரா ஆடறியே இன்னிக்கு" என்றான் ஜன்னல் பலகையைப் பார்த்து. "இப்பிடி யாருமே யோசிக்க மாட்டாங்க."

"ஆமா. ரொம்ப யோசிக்கிற ஆளு ஒருத்தர்கிட்டேர்ந்து எடுத்தது."

சிறிது நேரத்தில் மாறன் ஜன்னல் பலகையில் தன் குதிரையை வேண்டுமென்றே வெட்டுக்குக் கொடுத்தான். ஆபத்தான வலை அது. வைத்துவிட்டு மீசையைத் தடவிக்கொண்டான். அடுத்த நொடி, சுவர்ப் பலகையில் கீர்த்தனா தன் குதிரையை வெட்டுக்குக் கொடுத்தாள்.

"என்னது இது?" என்று மாறன் பதறினான். "இது... இது ரொம்பக் கேவலமான ஆட்டம் கீர்த்தி. ஒரு மனுஷன் நிம்மதியா இருக்க முடியாம, எடுத்தாலும் சிக்கல் எடுக்கலன்னாலும் சிக்கல்னு... இப்பிடியெல்லாம் ஒருத்தர இழுத்தடிக்கலாமா?"

"கஷ்டமா இருக்குதா?"

"பின்ன?"

கீர்த்தனா அவன் கடிகாரத்தைக் காட்டினாள். சில வருஷங்களாகச் சொல்ல நினைத்ததை அவனே சொல்லிவிட்டான். அதற்குமேல் என்ன சொல்ல?

அவன் அவள் குதிரையை வெட்டினான். உடனே ஜன்னல் பக்கம் அவன் குதிரையை அவள் வெட்டினாள். ஜன்னல் பலகையில் மறுபடி அவன் முறை. சுவர்ப் பலகையில் அவள் முறை. உட்கார முடியாமல் எழுந்து நடந்தவன், அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து சுவர்ப் பலகையை எட்டிப் பார்த்தான். அவள் உட்காரும் பக்கத்திலிருந்து அவன் அதைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. சுவர்ப் பலகையில் இருந்தது ஜன்னல் பலகை. ஒரு சிப்பாய்கூட மாறவில்லை.

"சீட்டிங்!"

"இன்னா சீட்டிங்? நீ ஆடினதத்தான் நானும் ஆடினேன். அது தப்புன்னா நீ எதுக்கு ஆடின?"

"வேணு அண்ணா! இதக் கேளுங்க!"

வேணு தோள் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, இரண்டு பலகைகளையும் மாறி மாறிப் பார்த்து, ரசித்து, தலையை ஆட்டினார். "ரூல்ல எங்கயும் தப்புன்னு இல்லையேப்பா. இப்ப நீ உன்கிட்டயே மாட்டிக்கினு இருக்க. நான் இன்னா பண்ண முடியும்? டீ போடட்டுமா, காப்பியா?"

"ரெண்டுல எதுனா..." என்று ஆரம்பித்த மாறன் சட்டென்று நிறுத்தினான். முகத்தில் ஒரு வெளிச்சம். வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்து, கையைக் கட்டிக்கொண்டான். அவன் ஆடினால்தானே அவள் பார்த்து ஆடுவாள்? ஆடாவிட்டால்?

"ஆடு" என்றாள் கீர்த்தனா.

"நீ ஆடு."

இரண்டு கடிகாரங்களும் ஓடின. ஜன்னலில் அவனுடையது, சுவரில் அவளுடையது. அவன் ஆடியதைப் பார்த்து எட்டிப் போட்ட ஒவ்வொரு தடவையும் அவளுக்கு ஒன்றிரண்டு நொடி கூடுதலாகச் செலவாகியிருந்தது. அதனால் சுவரில் அவளுக்கு நேரம் கம்மி. முதலில் தீர்வது அவளுடையதுதான். மாறன் புன்னகைத்தான். சதுரங்கத்தில் அவனுக்குச் சமமானவர்கள் ஊரில் இருக்கலாம். சும்மா உட்கார்ந்து காலம் கடத்துவதில் அவனை வெல்ல யார் இருக்கிறார்கள்?

கீர்த்தனாவும் அசையவில்லை. சுயமாக ஒரு காயை நகர்த்தினால் அங்கேயே அவன் அவளை நொறுக்கிவிடுவான் என்று அவளுக்குத் தெரியும். ஒருவரை ஒருவர் பார்த்தபடி, பேச்சில்லாமல், மூச்சுகூட மெதுவாக விட்டுக்கொண்டு இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். மாடிப்படி ஏறி வந்த ஒரு வெள்ளைக்காரர் அந்தக் காட்சியைப் பார்த்து, இது ஏதோ மௌனப் பயிற்சி என்று நினைத்து, சத்தமில்லாமல் பக்கத்து மேஜையில் உட்கார்ந்து, சம்மணம் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். வேணு அவர் முன்னால் மெனு அட்டையை வைத்துவிட்டுக் கால் நுனியில் திரும்பிப் போனார்.

சுவர்க் கடிகாரத்தில் கீர்த்தனாவின் நேரம் தீர்ந்தது.

"ஒன்னு எனக்கு!" என்று மாறன் குதித்தான். வெள்ளைக்காரர் கண்ணைத் திறந்து, அவனுக்கு ஞானம் கிடைத்துவிட்டது என்று வணங்கினார்.

"சரி, உனக்குத்தான்" என்றாள் கீர்த்தனா, கண்ணை இமைக்காமல், குரலை உயர்த்தாமல். "ஜன்னலப் பாரு."

பார்த்தான். ஜன்னல் கடிகாரத்தில் அவனுக்கு ஒரு நிமிஷம்கூட மிச்சமில்லை. அவளைக் காத்திருக்க வைத்த நேரமெல்லாம் அவனுடைய நேரமும்தான். இதை ஒரு பலகைக்காரர்கள் ஒருபோதும் மறப்பதில்லை. இரண்டு பலகைக்காரர்களுக்கு ஒருபோதும் ஞாபகம் இருப்பதில்லை.

மாறன் பாய்ந்து யானையை நகர்த்தினான். இனிப் பார்த்து ஆடுவதற்குக் கீர்த்தனாவுக்கு மறு பலகை இல்லை. அன்று முதல்முறையாக அவளே யோசித்து, ராஜாவை ஒரு கட்டம் ஒதுக்கினாள். மாறன் ராணியை இறக்கி ராஜாவுக்குக் குறி வைத்தான். அவள் சிப்பாயால் மறைத்தாள். அவ்வளவுதான், அவளுக்கு வேறு வழியில்லை. அடுத்த நகர்த்தலில் அவன் ஜெயிக்க வேண்டியது.

இங்கேதான் அந்தக் கொடுமை நடந்தது. யானையை வைத்தாலும் ஜெயம். ராணியை வைத்தாலும் ஜெயம்.

அவன் கை யானைக்குப் போயிற்று. ராணிக்குத் திரும்பிற்று. மறுபடி யானையின் தலைக்குமேல் வந்து, எது அழகாக இருக்கும் என்று ஒரு கணம் அந்தரத்தில் நின்றது. கடிகாரம் கீச்சென்றது.

"ஒன்னுக்கு ஒன்னு" என்றார் வேணு, அடுப்படியிலிருந்தே.

மாறன் ஒரு சாக்கும் சொல்லவில்லை என்று எழுத ஆசைதான். சிக்னல் கம்மியாக இருக்கிறது என்றான். அம்மா இந்நேரம் தூங்குவாள் என்றான். பேட்டரியைப் பார்த்தான், அது நிறைய இருந்தது. கடைசியில் போட்டான். கீர்த்தனா ஸ்பீக்கரை அழுத்தினாள்.

"சொல்றா. பந்தலுக்கு எலுமிச்சம்பழம் சொல்லிட்டியா?" என்றாள் ரேணுகாம்பாள்.

"சொல்றேம்மா. அது இல்ல. ஒரு விஷயம். சொன்னா நீ கோச்சிக்கக் கூடாது. சொல்லலன்னாலும் கோச்சிக்கக் கூடாது."

"டேய்."

"கீர்த்தனான்னு ஒரு பொண்ணு..."

"லேபுல வேலை செய்யிற பொண்ணுதானே? எனக்கு சர்க்கரை டெஸ்ட்டு எடுத்துச்சே. ஊசி குத்தினதே தெரியல. ஞாயித்துக்கிழமை ஆனா சட்டைய இஸ்திரி போட்டுக்கினு செஸ் ஆடப் போற. செஸ்ஸுக்கு எதுக்குடா இஸ்திரின்னு உங்க அப்பாவே கேட்டாரு. நீயா சொல்லட்டும்னு உக்காந்துனு இருக்கோம். ஊர்ல நாலு பேரு நாலு விதமா பேசுவாங்க, பேசிட்டுப் போறாங்க. புதன்கிழமை அடி அண்ணாமலைக்கு வர்றோம். அந்தப் பொண்ணு பக்கத்துலதானே இருக்குது? போனக் குடு."

கீர்த்தனாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. "வணக்கம்ங்க" என்றாள்.

"நல்லா இரும்மா. உங்க வீட்ல சொல்லிட்டியா?"

வேணு அடுப்பைக் குறைத்துவிட்டு எட்டிப் பார்த்தார்.

"இன்னும்... இல்லீங்க."

"போளூர்லேர்ந்து உன்னைப் பாக்க வர்றாங்கன்னு கேள்விப்பட்டேன். அவங்களையாவது வேணாம்னு சொன்னியா?"

"அது வந்துங்க... இவரு உங்ககிட்ட பேசட்டும், நீங்க இன்னா சொல்றீங்கன்னு தெரிஞ்சிக்கினு..."

"அது வரைக்கும் அதுவும் ஒரு பக்கம் இருக்கட்டும்னு விட்டுட்ட."

ரேணுகாம்பாள் கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் அது நேராகப் போய்த் தைத்தது. மாறனை அவ்வளவு நேரம் அவனுடைய ஆட்டத்தோடேயே மோதவிட்டவள், இப்போது கீழே குனிந்து விழாத சிப்பாயைத் தேடினாள். மாறன் சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்தான். முடியவில்லை.

"நான் லைன்லயே இருக்கேன்" என்றாள் ரேணுகாம்பாள். "உன் போன்ல உங்க அப்பாவக் கூப்பிடு."

"அப்பா இப்ப கொல்லையில இருப்பாருங்க. மல்லாட்டைச் செடி புடுங்க ஆளுங்க வந்திருக்காங்க, அந்த வேலையில போயி..." என்று சொல்லிக்கொண்டே வந்த கீர்த்தனா, தன் குரலைத் தானே கேட்டு நிறுத்தினாள். போனை எடுத்தாள். எண்ணை அழுத்தினாள்.

"அப்பா, போளூர்க்காரங்கள வரவேணாம்னு சொல்லிடுப்பா."

அந்தப் பக்கம் அவர் ஆட்களை விட்டுத் தள்ளி நடந்து வருவது கேட்டது.

"உரக்கடைப் பையனா?" என்றார் அப்பா.

"ஆமாப்பா."

"இத நேத்தே சொல்லியிருந்தா உங்க அம்மா அத்தனை முறுக்கு சுட்டிருக்க மாட்டா. சரி, நான் சொல்லிக்கிறேன். நீ வீட்டுக்கு வா."

"முறுக்கு இருந்தா புதன்கிழமைக்கு இருக்கட்டும்" என்றது மற்ற போன்.

போளூருக்கு அன்று சாயங்காலமே சேதி போய்விட்டது.

நீங்கள் நிம்மதியாகப் பெருமூச்சு விடுவது தெரிகிறது. "எனக்குச் சதுரங்கமே ஆடத் தெரியாது, இது என்னைப் பற்றி இல்லை" என்றுகூட நினைத்துக்கொள்வீர்கள். இருக்கட்டும். ஆனால் ஒன்று. ஆட்டம் தொடங்கியபோது நீங்கள் கீர்த்தனா பக்கம்தான் உட்கார்ந்திருந்தீர்கள். மாறனைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தீர்கள். ரேணுகாம்பாள் அந்தக் கேள்வியைக் கேட்டாளே, அப்போது சத்தம் வராமல் நாற்காலியை இழுத்து இரண்டு பேருக்கும் சரியாக நடுவில் போட்டுக்கொண்டீர்கள். யாரும் கவனிக்கவில்லை என்று நினைக்க வேண்டாம்.